எம்.ஆர்.ராதா: மேடையில இருந்து வந்த குரல்

எம்.ஆர்.ராதான்னதும் நிறைய பேருக்கு 1967 துப்பாக்கிச் சூடுதான் ஞாபகம் வரும். அது தனி எபிசோட். இன்னைக்கு நடிகர் ராதா மட்டும்.

'ரத்தக்கண்ணீர்' படம் 1954இல் வந்தது. ஆனா திருவாரூர் தங்கராசு எழுதின அந்த நாடகத்தை ராதா அதுக்கு முன்னாடியே ஊர் ஊரா நடத்திக்கிட்டு இருந்தார். படத்துல மோகனசுந்தரம் அவ்வளவு ஊறிப்போய்த் தெரியுறதுக்குக் காரணம் அதுதான். அடித்தொண்டையில ஆரம்பிக்கிற வசனம் பாதியிலேயே கீச்சுக்குரலா மாறும். குஷ்டம் வந்து எல்லாம் போன பிறகும் நக்கல் போகாது. பரிதாபப்பட வேண்டிய இடத்துல நாம சிரிச்சுடுவோம், அப்புறம் சங்கடப்படுவோம்.

அதே வருஷம் அவரோட ராமாயண நாடகத்துக்குப் பெரிய எதிர்ப்பு. ஆட்சேபகரமான நாடகங்களைத் தடை செய்ய சென்னை மாநில அரசு சட்டமே கொண்டு வந்தது. சினிமாவுக்காவது சென்சார் இருந்தது. மேடையில ராதா இன்னைக்கு என்ன பேசுவார்னு யாருக்குத் தெரியும்?

அப்புறம் 'பாகப்பிரிவினை'யில வில்லன், 'பலே பாண்டியா'வில (1962) காமெடி கலந்த ரெட்டை வேஷம். அதுல சிவாஜிக்கு மூணு வேஷம், ஆனாலும் என் கண்ணு ராதா மேலதான் போகுது.

சிறையில இருந்து வந்த பிறகும் அவர் நாடகத்தை விடல. 1979இல் இறந்தார். படங்கள் யூடியூப்ல கிடைக்குது. அந்த மேடை ராதாவைத்தான் இனி யாராலும் பார்க்க முடியாது.