ஒடியலின் சமூக வரலாறு: இணுவிலை முன்வைத்துச் சில குறிப்புகள்

அண்மைக் காலத்தில் ஒடியற்கூழ் 'யாழ்ப்பாணத்தின் பாரம்பரிய உணவு' என்னும் பட்டத்தைப் பெற்றுள்ளது. ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் நடைபெறும் ஊர் ஒன்றுகூடல்களில் அது பெரும் பாத்திரங்களிற் காய்ச்சப்படுகின்றது. இதிற் குறைகாண நாம் முற்படவில்லை; கூழ் சுவையானதே. ஆயின் பாரம்பரியம் என்ற சொல் ஒரு வினாவை மறைத்துவிடுகின்றது. யாருடைய பாரம்பரியம்? ஒரு சமூகத்தவர் அனைவரும் ஒரே கலயத்திலிருந்து உண்டனர் என்ற எண்ணம் பின்னோக்கிக் கட்டப்படும் கற்பனையாகும். 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை' என்ற பழமொழியே இதற்குச் சான்று. கூழ் ஒருபுறம், மீசை மறுபுறம். இரண்டும் ஒருங்கு வாய்ப்பதில்லை என்பதைப் பழமொழியை வழங்கிய மக்கள் நன்கறிந்திருந்தனர்.

மண்ணின் கீழிருந்து தோண்டியெடுக்கப்படும் ஒன்று உணவா, மருந்தா, களையா என்பதை அத்தாவரத்தின் இயல்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஜப்பானியர் 'கோபோ' எனப் பெயரிட்டுக் கறியாக உண்ணும் பர்டொக் வேரை ஐரோப்பிய நாட்டு வைத்தியர் இரத்தத்தைச் சுத்திசெய்யும் மருந்தென்றனர். அதே செடியை வயலோரங்களிற் களையெனப் பிடுங்கி எறிந்தோரும் உளர். வேர் ஒன்றுதான், அதனை அணுகிய சமூகங்கள் வேறு. எமது மண்ணில் இத்தகைய ஆய்வுக்குரிய பொருள் பனங்கிழங்கும் அதனின்று பெறப்படும் ஒடியலுமாகும். (தாவரவியலாளர் பனங்கிழங்கை வேரெனக் கொள்ளார், அது முளையின் தடித்த பகுதியே. மக்கள் வழக்கு அதனைக் கிழங்கென்றே கொண்டது. நாமும் அவ்வாறே கொள்வோம்.)

இணுவிலை எடுத்துக்கொண்டமைக்குக் காரணமுண்டு. வலிகாமத்தின் செம்மண் வலயத்தின் நடுவே, காங்கேசன்துறை வீதியை ஒட்டிக் கிடக்கும் இவ்வூர் பனங்கூடல்களுக்குப் பெயர்பெற்றதன்று. கிணற்று நீர்ப்பாய்ச்சலில் விளையும் புகையிலைக்கும், பின்னர் மிளகாய்க்கும் வெங்காயத்துக்குமே அது அறியப்பட்டது. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்ற காலந்தொட்டே இம்மண் சந்தைக்காக விளைந்த மண்ணாகும். தோட்ட நிலம் பணப்பயிருக்குரியதாயிற்று. அரிசி பெரும்பகுதியும் வெளியிலிருந்து வந்தது. பனை வேலியோரத்துக்கும் வளவின் பின்புறத்துக்கும் ஒதுங்கியது. எனவே ஒடியலைப் பற்றிப் பேச மணற்பாங்கான தீவுப்பகுதிகளையோ தென்மராட்சியையோ தெரிந்தெடுப்பது எளிதாயினும், செழிப்பான ஊரொன்றில் ஒடியல் எவரது பானையில் வெந்தது என்ற வினாவே எமக்கு முக்கியமாகின்றது.

முதலில் உழைப்பை நோக்குவோம். ஆவணி, புரட்டாசி மாதங்களிற் பனம்பழம் விழும். விழுந்த பழத்தை வைகறையிற் சென்று பொறுக்குவோர் பெரும்பாலும் பெண்களும் சிறுவருமாவர். பழத்தைப் பிசைந்து எடுத்த களி பாயிற் பரவிக் காயவைக்கப்பட்டுப் பனாட்டாகும். எஞ்சிய கொட்டைகள் மாரி மழைக்கு முன்னர் பாத்தியில் நெருக்கமாக அடுக்கப்பட்டு மண்ணால் மூடப்படும். ஏறத்தாழ மூன்று நான்கு மாதங்களில், தை, மாசியளவிற் கிழங்கு தோண்டப்படும். கொட்டையைப் பிளந்தால் உள்ளே இருக்கும் பூரான் பிள்ளைகளுக்கு. கிழங்கை அவித்து உண்பது ஒரு முறை. அவித்துக் கிழித்து வெயிலிற் காயவைத்தது புழுக்கொடியல். அவியாமற் பச்சையாகவே தோலுரித்து, நெடுக்காகக் கிழித்துக் காயவைத்தது ஒடியல். இது பல மாதங்கள் கெடாது. உரலிலிட்டு இடித்து அரித்து எடுத்த மாவே பிட்டுக்கும் கூழுக்கும் ஆதாரம். தோண்டல், உரித்தல், கிழித்தல், காயவைத்தல், இடித்தல் என நீளும் இவ்வேலைகளிற் பெரும்பகுதி பெண்களின் உழைப்பாகும். எந்தக் கணக்கிலும் எழுதப்படாத உழைப்பு இது.

'தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்பர். பனை காய்க்க பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும் என்பதே இதன் கருத்து. ஆயின் இது நிலமுடையோன் கூற்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மரத்தைத் தன் பிள்ளைக்கு விட்டுச்செல்லக் கூடியவனே இருபது ஆண்டுகளைக் கணக்கிடுவான். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, பிறர் நிலத்தில் நடப்பட்ட மரத்தின் பயன் யாருக்கு என்பதைத் தனியே எடுத்துப் பேசுவது மரமும் ஒரு சொத்தாக விளங்கியதைக் காட்டும். நிலமற்றவன் பனங்கொட்டையைப் புதைத்தபோது மரத்தை எண்ணவில்லை. அவன் அடுத்த தை மாதத்தை எண்ணினான். கிழங்கைத் தோண்டுபவன் ஒரு பனையை அதன் பிள்ளைப் பருவத்திலேயே உண்டுவிடுகின்றான். பழமொழியிற் பார்த்துச் சாகின்றவனும் பாத்தியில் தோண்டித் தின்றவனும் இரு வேறு வர்க்கத்தினர்.

கூழ் காய்ச்சும் முறையிலும் இவ்வேறுபாடு தெரியும். ஒரு பிடி அரிசி, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, கிடைத்த சிறுமீன், செத்தல் மிளகாய், பழப்புளி ஆகியன ஒருங்கே வெந்து, இறுதியில் ஒடியல்மாவைக் கரைத்து ஊற்ற, எல்லாம் ஒன்றாகித் தடிக்கும். எதுவும் தனியாக ஒரு குடும்பத்துக்குப் போதாதபோது எல்லாவற்றையும் ஒரே பானையில் இடுவதே இதன் தருக்கம். பனையோலையிற் கோலிய பிளாவில் வார்த்துக் குடித்தனர். பாத்திரம் கழுவும் வேலையும் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தனிப் பாத்திரம் வைத்த சமூகத்தில் ஓலைப் பிளாவுக்கு வேறொரு பயனும் இருந்தது, குடித்ததும் எறிந்துவிடலாம். இன்று விழாக்களிற் பிளாவைக் கையிலேந்திப் படமெடுத்துக்கொள்வோர் இதனைச் சற்று எண்ணுதல் தகும்.

இனி மருந்துப் பக்கம். யாழ்ப்பாண மன்னரின் அரியணைப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் எமது மருத்துவ மரபின் பெருஞ் செல்வங்கள். இணுவிலுக்கு அண்மையிலுள்ள ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பரராசசேகரத்தை அச்சேற்றியமை பெருந்தொண்டாகும். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து, பின்னர் மேற்கே மானிப்பாயில் தங்கிய மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். இணுவிலிலேயே அமெரிக்க மிஷன் பெண்களுக்கென நிறுவிய மக்லியொட் வைத்தியசாலை பல தலைமுறைகளுக்குப் பிள்ளைப்பேற்று மனையாக விளங்கிற்று. ஏட்டு வைத்தியமும் ஆஸ்பத்திரி வைத்தியமும் இவ்வாறு அருகருகே நிலைத்த வட்டாரம் இது. ஆயினும் பத்தியம் என்னும் கருத்தை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். 'இதை உண், அதைத் தவிர்' என்று கூறும் வைத்தியம், தவிர்க்க வசதியுள்ள நோயாளியை முன்னிறுத்துகின்றது. ஒடியலைத் தவிர வேறில்லாதவனுக்கு அக்கட்டளை பயனற்றது.

அவனுக்குரிய மருத்துவம் அடுப்படியிலேயே உருவாயிற்று. பனங்கிழங்கு வாயுப் பண்டம் என்பது ஊர் வழக்கு. அதனாலேயே அவித்த கிழங்கை மிளகும் உள்ளியும் உப்பும் சேர்த்து இடித்து உண்டனர். உணவின் குற்றத்தை உணவுக்குள்ளேயே தீர்க்கும் இம்முறையில் மருந்தையும் சமையலையும் பிரித்தறிதல் அரிது. இதனினும் முக்கியமானது ஒடியல்மாவின் கசப்பை அகற்றும் முறை. மாவை நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை இறுத்து, மீண்டும் நீர் விட்டு இறுத்தல் கூழ் காய்ச்சுவோர் கைவிடாத வழக்கமாகும். பெரும்பாலோர் இதனைச் சுவைக்கான ஏற்பாடு என்றே கருதினர். ஆனால் 1970களின் தொடக்கத்தில் எலிகளுக்கு ஒடியல்மா ஊட்டி நடத்தப்பட்ட பரிசோதனைகள், அது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று காட்டின. நரம்புகளைத் தாக்கும் பொருள் பற்றிய ஆய்வுகளும் பின்னர் வெளிவந்தன. எலிக்கு ஊட்டிய அளவும் மனிதன் குடிக்கும் கூழும் ஒன்றல்ல. ஆனால் நாம் இங்கு கருதுவது வேறு. எந்த ஏட்டின் துணையுமின்றி, நாவின் கசப்பையே அளவுகோலாகக் கொண்டு, தலைமுறை தலைமுறையாக நீரை இறுத்து ஊற்றிய பெண்களின் செயலும் அறிவியலே. அதனை மருத்துவ வரலாறு எழுதுவோர் இன்னும் மருத்துவமாகக் கணிக்கவில்லை.

எமது இலக்கிய வரலாறும் இவ்விடயத்திற் குற்றமற்றதன்று. இணுவில் சின்னத்தம்பிப் புலவரின் பஞ்சவன்னத்தூது ஊர்த்தலைவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. தூதுப் பிரபந்தத்தின் இலக்கணத்தில் உலாவுக்கு இடமுண்டு; பாத்தி தோண்டுபவனுக்கு இல்லை. பனையைப் பாட அதன்பின் நெடுங்காலம் செல்லவேண்டியிருந்தது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் தாலவிலாசம் பாடினார். ஆயினும் அவர் பெயரைக் கேட்டதும் எவர் நாவிலும் வருவது ஆடிப்பிறப்புப் பாடலே. ஆடிக்கூழ் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இனிப்புக் கூழ். ஆண்டுக்கொரு நாள் பண்டிகை. ஒடியற்கூழோ பண்டிகையன்று; பல வீடுகளில் அது அன்றாடம்.

ஒடியல் எப்போதெல்லாம் அனைவருக்கும் உரியதாயிற்று என்று நோக்கினால், அவை யாவும் நெருக்கடிக் காலங்களே. 1942ஆம் ஆண்டு ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இறக்குமதி அரிசி தடைப்பட்டது. அப்போது அரிசிச் சோற்றையே கௌரவமாகக் கருதிய வீடுகளும் ஒடியற்பிட்டைக் கதவடைத்து உண்டன. 1970களின் முற்பகுதியில் நிலைமை மேலும் சிக்கலானது. அரிசிப் பங்கீடு குறைந்த அதே ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலையைப் பெற்றுத்தந்தது. இணுவில் போன்ற ஊர்களில் தோட்டமுடையோர் கல்வீடு கட்டினர். அதே தோட்டத்திற் கொத்திய கூலியாளின் வீட்டில் மாவை இறுத்தனர். ஒரே கொள்கை ஒரே ஊரில் இரு வேறு பானைகளை ஏற்றியது. 1978ஆம் ஆண்டு பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பனம்பொருள் பொதிசெய்யப்பட்டுக் கடைக்கு வந்தது. கூழ் மதிப்புப் பெறத் தொடங்கியதும் ஏறத்தாழ அப்போதுதான். 1990ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை மீண்டும் எல்லோரையும் பனையடிக்கு அழைத்தது. இம்முறை பனைக்கும் ஆபத்து நேர்ந்தது. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக மரங்கள் தறிக்கப்பட்டன.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவிற் கிளம்பித் தென்மராட்சி நோக்கி நடந்தது. புரட்டாசியில் அடுக்கிய பாத்திகள் அப்படியே கிடந்தன. அடுத்த ஆண்டு சித்திரை, வைகாசியில் இணுவிலுக்குத் திரும்பியோர் சிலர் எம்மிடம் கூறினர்: வளவின் பின்புறத்தில், தோண்ட ஆளின்றி விடப்பட்ட கிழங்குகள் மண்ணைப் பிளந்து குருத்தெறிந்திருந்தனவாம். கிழங்கு முற்றித் தும்பாகிவிட்டது, தின்ன உதவாது. இடமுடையோர் நான்கைந்தை விட்டுவைத்தனர். அவை இன்று வேலியோரத்திற் காய்க்கும் பனைகளாக நிற்கின்றன. இடமில்லாதோர் அவற்றைப் பிடுங்கிவிட்டு, அடுத்த புரட்டாசிக்குக் கொட்டை தேடினர்.