தருமபுரியில் கைப்பம்பு

சோலாப்பூரில் மிஷன் கிணற்றுப் பணியில் உருவான பம்பைத் தழுவி, 1970களில் ‘இந்தியா மார்க் 2’ கைப்பம்பு வடிவமைக்கப்பட்டது. தருமபுரி போன்ற வறண்ட மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணறும் கைப்பம்பும் பரவியபோது, கயிறிட்டு நீர் இறைத்த பெண்களின் பாடு தணிந்தது. திறந்த கிணற்று நீரால் வரும் நோய்களுக்கும் தடை உண்டாயிற்று.

ஆயினும், இம்மாவட்டத்துப் பாறைகளினின்று புளோரைடு நிலத்தடி நீரில் கரைந்திருந்தது. அதன் அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை மிஞ்சிய ஊர்களில் பிள்ளைகளின் பற்கள் கறைபட்டன. நெடுநாள் பருகியோரின் மூட்டுகள் விறைத்தன. தெளிந்த நீரில் தீங்கு கண்ணுக்குப் புலப்படவில்லை. மாற்றாகக் காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கப்பெற்றது.

கருவியை அளித்ததோடு கடமை முடிந்ததென எண்ணலாகாது. அது மேலே கொணர்வது யாதென்று சோதித்தறிவதும் ஊழியமே.