படைவீரர் அரசுக் கடன் தள்ளுபடி (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

அமெரிக்கப் படைகளில் பணியாற்றும் ஒருவர் அரசுக்குத் தரவேண்டியதாகக் கணக்கில் ஏறிவிட்ட தொகையை முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ வசூலிக்காமல் விடும்படி விண்ணப்பிக்கும் நடைமுறை இது. சட்டம் இதற்கு இரண்டு தனித்தனி வழிகளைத் தருகிறது. தவறாகக் கொடுத்த சம்பளத்தையோ படியையோ திரும்பக் கேட்காமல் விடுவது ஒன்று. இதை வசூல் விலக்கு எனலாம். முறையான கடன்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகும் அதை ரத்து செய்வது மற்றொன்று, இது தள்ளுபடி. பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணி, தங்கள் வழக்குக்குப் பொருந்தாத வழியில் போய் மறுப்புக் கடிதம் வாங்குகிறார்கள்.

வீரருக்கும் அரசுக்கும் இடையே கடன் எப்படி வருகிறது? வங்கிக் கடன்போல யாரும் கேட்டு வாங்குவதில்லை. மணவிலக்கு ஆன பிறகும் குடும்பத்தோடு இருப்பவருக்கான வீட்டு வாடகைப் படி தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். போர்முனையிலிருந்து திரும்பிய பிறகும் போர்க்களப் படி நிற்காது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் பணியை விட்டால், போனஸில் இன்னும் ஈட்டாத பகுதியைத் திருப்பித் தரவேண்டும். இடமாற்றத்தின்போது வாங்கிய முன்பணம், கணக்கில் ஒத்துவராத பயணச் செலவு, தொலைந்துபோன இரவுப்பார்வைக் கருவி ஆகியவையும் கடனாகும். பொருள் தொலைந்ததற்கு விசாரணை நடத்திப் பொறுப்புச் சுமத்தினால், பெரும்பாலும் ஒரு மாத அடிப்படைச் சம்பளமே உச்சவரம்பு.

தரைப்படை வீரரின் மாதாந்தரச் சம்பளச் சீட்டில் வரவுகள், பிடித்தங்கள், வீரர் சொல்லி ஒதுக்கும் தொகைகள் என மூன்று பத்திகள் இருக்கும். அடியில் குறிப்புகளுக்கு ஓர் இடம் உண்டு. கடன் வந்துவிட்டால் பிடித்தப் பத்தியில் புதிதாக ஒரு வரி முளைக்கும். காரணம் அந்தக் குறிப்புப் பகுதியில் சுருக்கெழுத்தில் கிடக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. சம்பளம் குறைந்த பிறகுதான் தேட ஆரம்பிப்பார்கள். ஆனால் விண்ணப்பம் வைக்கும்போது அதிகாரிகள் முதலில் புரட்டுவது இந்தப் பழைய சீட்டுகளைத்தான்.

வசூல் விலக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பு, 2774ஆம் பிரிவில் அது இருக்கிறது. கொடுத்தது தவறான பணமாக இருக்கவேண்டும். அதைத் திரும்ப வாங்குவது நியாயத்துக்கும் மனச்சாட்சிக்கும் புறம்பானதாகவும் நாட்டின் நலனுக்கு உகந்ததல்லாததாகவும் இருக்கவேண்டும். மோசடி, பொய்த்தகவல், வீரரின் தவறு, நல்லெண்ணமின்மை ஆகியவற்றில் ஒன்றின் சாயல் தெரிந்தாலும் விலக்கு கிடையாது. தவறு கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விலக்கு கிடைத்தால் ஏற்கெனவே பிடித்த பணத்தையும் திரும்பப் பெறலாம்.

இந்த விண்ணப்பங்களின் மேல்முறையீட்டை 1996 முதல் பாதுகாப்புத் துறையின் விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகம் கேட்கிறது. அதன் தீர்ப்புகளில் ஒரு நிலைப்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. காரணம் தெரியாமல் சம்பளம் கணிசமாக ஏறினால், வீரர் உடனே கேள்வி எழுப்பவேண்டும். உறுதியான பதில் வரும்வரை அந்தப் பணத்தைத் தொடாமல் ஒதுக்கி வைக்கவேண்டும். கணக்கு அலுவலகம் செய்த பிழை என்பது மட்டும் போதாது. பணக் கஷ்டம் இந்த வழியில் காரணமாகவே ஏற்கப்படுவதில்லை. நான்கு பிள்ளைகள், வாடகை பாக்கி என்று பக்கம் பக்கமாக எழுதும் விண்ணப்பம் இங்கே தோற்பதற்கு இதுதான் காரணம். விதி கடுமையானது என்றே சொல்லவேண்டும்: சம்பளத்தைக் கணக்கிடும் அலுவலகம் பிழை செய்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு பத்தொன்பது வயதுச் சிப்பாயின் தலையில் விழுகிறது.

தள்ளுபடியின் கதை வேறு. தரைப்படைக்கு 10ஆம் தலைப்பின் 7837ஆம் பிரிவு இதைத் தருகிறது. மற்றப் படைகளுக்கும் இணையான பிரிவுகள் உண்டு. நாட்டின் நலனுக்கு உகந்தது என்று படைத்துறைச் செயலர் கருதினால் கடனின் எந்தப் பகுதியையும் ரத்து செய்யலாம். நெடுங்காலம் இந்தச் சலுகை சிப்பாய் முதல் சார்ஜெண்ட் மேஜர் வரையிலான, அதிகாரி அல்லாத வீரர்களுக்கு மட்டுமே இருந்தது. குறைந்த சம்பளக்காரர்களைக் காப்பதற்காக வந்த ஏற்பாடு அது. 2006ஆம் நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டம் அதிகாரிகளுக்கும் அதைத் திறந்துவிட்டது.

இங்கே கடன் பிழையான பணத்தால் வந்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொலைந்த கருவிக்கான கடனுக்கு வசூல் விலக்கு கேட்கவே முடியாது, ஏனெனில் யாரும் தவறாகப் பணம் தரவில்லை. தள்ளுபடி கேட்கலாம். தரைப்படையின் 600-4 எண் விதிநூல் அநீதி, கஷ்டம் என்ற இரண்டையும் அளவுகோலாக வைக்கிறது. வீரரின் தரநிலை, பணி ஆண்டுகள், சம்பள விதிகளைப் பற்றி அவருக்கு இருந்திருக்கக்கூடிய அறிவு, மாத வரவு செலவு எல்லாம் எடைபோடப்படும். நிதிப் பிரிவில் வேலை பார்த்த சார்ஜெண்ட் தனக்குத் தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். இராணுவ நீதிமன்றம் விதித்த சம்பளப் பறிமுதலை இந்த வழியில் ரத்து செய்ய முடியாது. இன்னொரு வரம்பும் உண்டு: இன்னும் கட்டாத பாக்கியைத்தான் தள்ளுபடி செய்ய முடியும். மாதாமாதம் பிடித்தம் நடக்க நடக்க கேட்பதற்கான தொகை கரைந்துகொண்டே போகும். ஆகவே தாமதம் நேரடி நஷ்டம்.

ஓர் எடுத்துக்காட்டு. மணவிலக்கான, குழந்தை இல்லாத ஒரு வீரருக்கு மாதம் 300 டாலர் கூடுதல் படி வந்து, இரண்டு ஆண்டு கழித்து அது தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் 7,200 டாலர். தனக்கு மணவிலக்கானது அவருக்குத் தெரியும். படி விகிதம் சம்பளச் சீட்டில் இருக்கிறது. எனவே வசூல் விலக்கு கிடைப்பது அரிது. ஆனால் மணவிலக்குத் தீர்ப்பின் நகலை அலுவலகத்தில் கொடுத்ததற்கும், படி சரிதானா என்று கேட்டதற்கும் எழுத்துச் சான்று இருந்தால் நிலைமை தலைகீழாகும். அது இல்லாவிட்டாலும் தள்ளுபடி வழி மூடவில்லை. முழுவதும் இல்லாவிட்டாலும் ஒரு பகுதி குறையலாம்.

விண்ணப்பத்துக்குப் பாதுகாப்புத் துறையின் 2789 எண் படிவம் உண்டு. தரைப்படையில் தள்ளுபடிக்கு 3508 எண் படிவம் தனியாக இருக்கிறது. அது கம்பெனி கமாண்டரின் பரிந்துரை, நிதி அலுவலகத்தின் கணக்கு விவரம் ஆகியவற்றோடு மேலே போகும். பரிந்துரை வெறும் கையெழுத்தாக இருந்தால் பயனில்லை. கடன் எப்படி வந்தது, வீரர் எப்போது அறிந்தார், அறிந்ததும் என்ன செய்தார் என்று கமாண்டர் எழுதும் இரண்டு பத்தி பல நேரங்களில் வழக்கைத் தீர்மானிக்கும். சம்பளச் சீட்டுகள், மின்னஞ்சல்கள், இடமாற்ற ஆணை எல்லாவற்றையும் நாள் வரிசையில் இணைப்பது நல்லது. முடிவு வரும்வரை பிடித்தத்தை நிறுத்திவைக்கும்படியும் அப்போதே கேட்டுவிட வேண்டும். கடன் உண்மைதானா, தொகை சரிதானா என்ற சந்தேகம் இருந்தால் முதலில் எதிர்க்கவேண்டியது கடனையே. வராத கடனுக்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

வேலையை விட்டு வந்தவரின் நிலை மோசம். சம்பளம் இல்லாததால் பிடித்தம் இல்லை. அதற்குப் பதில் கடிதம் வரும், வட்டி ஏறும், தனியார் வசூல் நிறுவனத்திடம் கோப்பு போகும், வருமான வரியில் திரும்பி வரவேண்டிய பணத்தைக் கருவூலம் எடுத்துக்கொள்ளும். இந்த இயந்திரம் யாரையெல்லாம் அரைத்தது என்பதை 2006 ஏப்ரலில் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் வெளியிட்டது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காயமடைந்து பணியிலிருந்து விலகிய ஏறத்தாழ 900 தரைப்படை வீரர்களின் பெயரில் 12 லட்சம் டாலர் கடன் இருந்தது. போரில் இறந்த சுமார் 400 பேரின் பெயரிலும் 3 லட்சம் டாலர் கணக்கில் நின்றது. இறந்தவர்களிடம் வசூலிப்பதில்லை என்பது துறையின் கொள்கை. காயமடைந்தவர்களின் கடன்களுக்குப் பெரும் காரணம் சம்பளமும் படிகளும் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது.

பத்து ஆண்டு கழித்து இன்னொரு புயல். போர்கள் உச்சத்தில் இருந்தபோது கலிஃபோர்னியா தேசியக் காவல்படை, மீண்டும் பணியில் சேர்வோருக்கு 15,000 டாலரும் அதற்கு மேலும் போனஸ் கொடுத்தது. பலருக்கு அதற்குத் தகுதியே இல்லை. போனஸ் திட்டத்தை நடத்திய மாஸ்டர் சார்ஜெண்ட் ஒருவர் பொய்க் கோரிக்கைகள் தாக்கல் செய்ததை 2011இல் ஒப்புக்கொண்டு சிறை சென்றார். வீரர்கள் போருக்குப் போய்த் திரும்பியும் ஆயிற்று. ஆனால் தணிக்கைக்குப் பிறகு ஏறத்தாழ 10,000 பேரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். 2016 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் இதை வெளியிட்ட சில நாளிலேயே பாதுகாப்புச் செயலர் ஆஷ் கார்ட்டர் வசூலை நிறுத்தினார். அந்த டிசம்பரில் கையெழுத்தான 2017ஆம் நிதியாண்டுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு முக்கிய மாற்றம் செய்தது: அந்த வழக்குகளில், தனக்குத் தகுதியில்லை என்று வீரருக்குத் தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்கவேண்டும் என்று அரசுதான் காட்டவேண்டும். மற்றக் கடன்களில் அந்தச் சுமை இன்றும் விண்ணப்பதாரரிடமே இருக்கிறது.

எல்லா இடத்திலும் மறுக்கப்பட்டால் கடைசியாக இராணுவப் பதிவேட்டுத் திருத்த வாரியத்துக்கு மனுச் செய்யலாம். பிழையோ அநீதியோ தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அதற்குக் கெடு. நீதியின் பொருட்டு வாரியம் அந்தக் கெடுவைத் தளர்த்தலாம்.