மூன்று மாதத்திலா, மூன்று வயதிலா?

பேரன் பேத்தி பிறந்த வீடுகளில், பெயர் வைக்கும் சண்டை ஓய்ந்த பிறகு அடுத்த சண்டை ஒன்று காத்திருக்கும். குழந்தையை ஆய் போகப் பழக்குவது எப்போது என்பதுதான் அது. "என் பிள்ளையெல்லாம் ஆறு மாசத்துலேயே பழகிட்டான்" என்பார் பாட்டி. "டாக்டர் ரெண்டு வயசு ஆகட்டும்னு சொல்லியிருக்கார் அத்தை" என்பார் மருமகள். நடுவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்யும் தாத்தாக்களில் நானும் ஒருவன். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய. இந்த "ரெண்டு வயசு" எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் நம் டாக்டர்கள் சொல்வதில் பெரும்பகுதி அமெரிக்காவில் இருந்து வந்தது. அதனால் கதையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

1894-ல் நியூயார்க்கில் எம்மெட் ஹோல்ட் என்ற குழந்தை மருத்துவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். குழந்தை வளர்ப்பைப் பற்றிக் கேள்வி பதில் வடிவில் அமைந்த அந்த நூலைப் பல ஆண்டுகளுக்கு அமெரிக்கத் தாய்மார்கள் வேதம்போல் வைத்திருந்தார்கள். அதில் ஹோல்ட் சொன்ன வயதைக் கேட்டால் நம் பாட்டிகளே மிரண்டுபோவார்கள். பிறந்த இரண்டாவது மாதத்திலேயே பழக்கிவிடலாமாம்! தினமும் இரண்டு முறை, பால் குடித்த பிறகு, அதே நேரத்தில், முழங்கால்களுக்கு நடுவே ஒரு சிறு பாத்திரத்தை வைத்துக் குழந்தையை அதன் மேல் பிடிக்க வேண்டும். வரவில்லை என்றால் ஆசனவாயில் சிறு சோப்புத் துண்டை வைத்துத் தூண்டலாம்.

1914-ல் அமெரிக்க அரசே குழந்தை வளர்ப்புக் கையேடு ஒன்றை வெளியிட்டது. அதுவும் மூன்றாம் மாதத்தில் தொடங்கலாம் என்றது. சீக்கிரம் துணி கட்டுவதில் இருந்து விடுபடலாம் என்பதே அது சொன்ன காரணம். துவைக்கும் இயந்திரம் பெரும்பாலான வீடுகளுக்கு வராத காலம். தண்ணீர் சுமந்து, அடுப்பில் காய்ச்சி, கையால் தேய்த்துத் துவைக்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஒரு துணி குறைந்தாலும் லாபம்தான். பின்னால் இதோடு கடிகாரமும் சேர்ந்துகொண்டது. 1928-ல் ஜான் வாட்சன் என்ற உளவியலாளர் குழந்தையைக் கொஞ்சாதே, ஒழுங்குபடுத்து என்று நூல் எழுதினார். பால் குடிப்பது, தூங்குவது, ஆய் போவது எல்லாமே மணிக்கணக்கில் நடக்க வேண்டும் என்ற காலம் அது.

அடுத்து வந்தது நேர் எதிரான அலை. கழிப்பறைப் பழக்கத்தில் கண்டிப்பு காட்டினால் குணமே கெடும் என்ற ஃபிராய்டின் கருத்து பரவியது. எந்த அளவுக்கு என்றால், 1943-ல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஜெஃப்ரி கோரர் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் ஜப்பானியரின் போர் வெறிக்கே காரணம் குழந்தைப் பருவத்தில் அவர்களுக்குக் கடுமையாகக் கழிப்பறைப் பழக்கம் கற்பித்ததுதான் என்று எழுதினார்! பின்னாளில் ஜப்பானுக்கு நேரில் போய்ப் பார்த்தவர்கள் அங்கே அப்படி ஒரு தனிக் கடுமையைக் காணவில்லை. ஆனாலும் சீக்கிரம் பழக்கினால் ஆபத்து என்ற எண்ணம் நிலைத்தது. அரசுக் கையேடும் 1940-களில் அவசரத்தைக் குறைத்துக்கொண்டது. 1946-ல் வந்த டாக்டர் ஸ்போக்கின் புகழ்பெற்ற நூலும் தாய்மாரை நிதானிக்கச் சொன்னது.

இன்றைய "ரெண்டு வயசு" பிறந்தது 1962-ல். பெர்ரி பிரேசில்டன் என்ற மருத்துவர், தம்மிடம் வந்த 1,170 குழந்தைகளின் பத்தாண்டுப் பதிவுகளை வைத்துக் கட்டுரை எழுதினார். குழந்தையை அவசரப்படுத்தாமல், அதற்கு உடலும் மனமும் தயாராகும் அறிகுறி தெரிந்த பிறகு பழக்குங்கள் என்றார். அப்படி வளர்ந்த குழந்தைகள் பகலில் நனைக்காமல் இருக்கத் தொடங்கிய சராசரி வயது சுமார் 28 மாதம்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் பியோரியா என்ற ஊரில் பாம்பர்ஸ் டயப்பரை விற்றுப் பார்த்திருந்தார்கள். 1998-ல் பெரிய குழந்தைகளுக்கான டயப்பர் வந்தபோது அதே பிரேசில்டன் அதன் விளம்பரத்தில் தோன்றினார். "பார்த்தீங்களா, எல்லாம் டயப்பர் கம்பெனி வேலை" என்று பாட்டிகள் கட்சி இங்கே குதிக்கலாம். ஆனால் அவர் பதிவுசெய்த குழந்தைகள் துணி கட்டி வளர்ந்தவர்கள். காத்திருக்கலாம் என்ற யோசனை முதலில் வந்தது. காத்திருப்பதைச் சுலபமாக்கிய டயப்பர் பின்னால் வந்தது.

அப்படியானால் ஆறு மாதத்தில் பழக்கியதாகச் சொல்லும் பாட்டி பொய்யா சொல்கிறார்? இல்லை. 1977-ல் டிவ்ரீஸ் தம்பதி கென்யக் கடற்கரையில் வாழும் டிகோ மக்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறார்கள். தாய் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, வாயால் ஒரு ஒலி எழுப்புகிறாள். குழந்தை அந்த ஒலிக்கே சிறுநீர் கழிக்கப் பழகுகிறது. ஐந்தாறு மாதத்தில் பகலிலும் இரவிலும் பெரும்பாலும் நனைப்பதில்லை. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. காலை நீட்டி, பாதங்களின் மேல் குழந்தையை உட்கார வைத்து, "ஸ்ஸ்ஸ்" என்று சொல்லும் நம்மூர்ப் பாட்டியேதான்!

டிகோ தாயும் நம் பாட்டியும் செய்வது, குழந்தையின் முகத்தையும் முனகலையும் பார்த்து நேரம் அறிந்து தூக்கிப் பிடிப்பது. அங்கே பாதி வேலை பெரியவருடையது. டாக்டர் "பழகிவிட்டது" என்று சொல்வது வேறு. குழந்தை தானே உணர்ந்து, சொல்லி, நடந்து போய், ஜட்டியைக் கழற்றி உட்கார்வது. இதற்கு நடை வேண்டும், பேச்சு வேண்டும், அடக்கும் திறன் வேண்டும். பாட்டியும் மருமகளும் ஒரே சொல்லால் இரண்டு வேறு காரியங்களைச் சொல்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இரண்டு தலைமுறைக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். 1950-களின் தாய்மார் முதல் வயதுக்குள் தொடங்கினார்கள். அடுத்த தலைமுறை வெகுவாகத் தள்ளிப்போட்டது. ஆனால் சிறுநீரைத் தானே கட்டுப்படுத்தும் வயதில், முன்கூட்டித் தொடங்கியவர்களுக்கு லாபம் ஒன்றும் தெரியவில்லை. 2003-ல் அமெரிக்காவில் சுமார் 400 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. 27 மாதத்துக்கு முன் மும்முரமாகத் தொடங்கினால் முடிவது சீக்கிரமாவதில்லை, பழக்கும் காலம்தான் நீள்கிறது. சீக்கிரம் தொடங்கியதால் மலச்சிக்கல் வந்ததாகவும் அந்த ஆய்வு காணவில்லை. பாட்டிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆக, கெடுதல் எப்போது தொடங்குவது என்பதில் இல்லை. அதட்டலில்தான் இருக்கிறது. இப்போது நகரங்களில் சில மழலையர் பள்ளிகள், டயப்பர் இல்லாமல் வந்தால்தான் சேர்ப்போம் என்கின்றன. ஜூன் மாதம் நெருங்க நெருங்க வீட்டில் பதற்றம் ஏறுகிறது. தரையில் போனதற்காகக் குழந்தை அடி வாங்குகிறது. பயந்த குழந்தை அடக்குகிறது. அடக்கினால் மலம் இறுகும். இறுகினால் போகும்போது வலிக்கும். வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். மூன்று வயதுக் குழந்தை கதவு மூலையில் நின்று காலைப் பின்னிக்கொண்டு அழுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

பாட்டியின் முறைக்கு நாள் முழுவதும் குழந்தையைக் கவனிக்கும் ஒரு ஆள் வேண்டும். ஆள் இருக்கும் வீட்டில் தாராளமாகக் காலில் உட்கார வைக்கலாம். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், குழந்தை இரண்டு மணி நேரம் நனைக்காமல் இருக்கிறதா, ஈரமானால் வந்து சொல்கிறதா என்று பார்த்துத் தொடங்கினால் போதும். அந்த மருமகளைச் சோம்பேறி என்று சொல்ல வேண்டாம். 1914-ல் துணி துவைத்து அலுத்த தாய் எப்படித் தன் வசதியைப் பார்த்தாளோ, அப்படித்தான் இவளும் பார்க்கிறாள். இரண்டு வீட்டிலும் ஒரே ஒரு விதி: குழந்தை தவறிப் போய்விட்டால் துடைத்துவிட்டு, "பரவாயில்லடா கண்ணா, அடுத்த தடவை சொல்லு" என்று சொல்ல வேண்டும்.