உரைகல்லில் இரண்டு காய்: கடுக்காயும் ஜாதிக்காயும்

தியாகதுருகம் பக்கம் பிள்ளை பெற்ற வீடுகளில் உரைகல் ஒன்று இருக்கும். கடுக்காய், வசம்பு, மாசிக்காய், சுக்கு, ஜாதிக்காய் என்று வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் ரெண்டு இழை இழைத்துத் தாய்ப்பாலில் குழைப்பார்கள். உரமருந்துன்னு பேரு. (இப்போது மருத்துவர்கள் பச்சைக் குழந்தைக்கு இதெல்லாம் வேண்டாம் என்கிறார்கள். ஜாதிக்காய் அளவு மீறினால் நஞ்சு, அதனால் அவர்கள் பேச்சைக் கேட்பதே நல்லது.) நான் எழுத வந்தது மருந்தைப் பற்றி இல்லை. அந்தக் கல்லில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிற இரண்டு காய்களைப் பற்றி.

கடுக்காய் நம்ம மலைக்காய். கல்வராயன் மலைவாழ் மக்கள் பொறுக்கி விற்கும் காட்டுப் பொருட்களில் அதுவும் ஒன்று. ஜாதிக்காய் அப்படி இல்லை. கல்வராயன் மலை கோடையில் இலையுதிர்க்கும் காடு. ஜாதிக்காய் மரத்துக்கோ வருஷம் முழுக்க ஈரமும் நிழலும் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் அதன் பங்காளி மரங்கள் உண்டு. ராம்பத்திரி எனப்படும் காட்டு ஜாதிக்காய் அதில் ஒன்று, பார்க்கப் பெரிசு, வாசனை கம்மி. உண்மையான வாசனை ஜாதிக்காய்க்குத் தாய்மண் இந்தோனேசியாவின் பாண்டா தீவுகள். வரைபடத்தில் புள்ளி மாதிரி இருக்கும் சிறு தீவுகள் அவை. மரத்தில் ஆண், பெண் தனித்தனி, எது எதுன்னு தெரிய பூக்கும்வரை ஏழெட்டு வருஷம் காத்திருக்கணும். பழம் வெடித்தால் உள்ளே சிவப்பு வலை போல் சுற்றியிருப்பது ஜாதிபத்திரி, அதற்குள் இருக்கும் கொட்டையின் பருப்புதான் ஜாதிக்காய்.

அந்தக் காய் தமிழனுக்குப் புதுசு இல்லை. வெற்றிலையோடு மெல்லும் பஞ்சவாசத்தில் பழங்காலத்திலிருந்தே அதற்கு இடம் உண்டு. அப்போ இதற்கு நாம் என்ன விலை கொடுத்தோம்?

துணி கொடுத்தோம். கிழக்கிந்தியத் தீவுகளில் வெள்ளிக்காசைவிடச் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்கு மதிப்பு அதிகம். ஐரோப்பியர் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். டச்சுக்காரர்கள் 1608இல் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்று, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் கடை விரித்தார்கள். அடுத்து 1610இல் பழவேற்காடு. இங்கே துணி வாங்கி, அங்கே வாசனைப் பொருள் வாங்குவதுதான் கணக்கு. இந்தக் கரையின் சாயத் துணிக்கு நிறம் பிடிக்க வைத்தது எது தெரியுமா? கடுக்காய். துணியைக் கடுக்காய் நீரிலும் பாலிலும் நனைத்த பிறகுதான் சாயம் ஏறும். ஆக, கடுக்காய் ஏறிய துணி கப்பலேறிப் போய் ஜாதிக்காயாகத் திரும்பியது.

இதுவரை வியாபாரம். இனிமேல்தான் ரத்தம்.

ஜாதிக்காய் முழுவதும் தமக்கே வேண்டும் என்றது டச்சுக் கம்பெனி. பாண்டா மக்கள் பழையபடி எல்லோருக்கும் விற்றார்கள். 1621இல் யான் பீட்டர்சூன் கூன் படையோடு வந்து இறங்கினார். ஊர்த்தலைவர்கள் 44 பேரின் தலை வெட்டப்பட்டது. சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் மிஞ்சியது ஆயிரத்தை ஒட்டிதான் என்கிறார்கள். மற்றவர்கள் வெட்டுப்பட்டும் பட்டினியிலும் செத்தார்கள், சிலர் தப்பி ஓடினார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். மரம் நின்றது, காய் பறிக்க ஆள் இல்லை. தோப்புகளைப் பங்கு போட்டு டச்சுக் குடியேறிகளுக்குக் கொடுத்துவிட்டு, உழைக்க அடிமைகளைக் கொண்டுவந்தார்கள்.

எங்கிருந்து? பல இடங்களிலிருந்து. அதில் நம் கரையும் ஒன்று. 1618 முதல் இங்கே மழை பொய்த்துப் பஞ்சம். 1622-23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து ஏராளமான பேரை டச்சுக்காரர்கள் அடிமைகளாக ஏற்றிப் போனார்கள். எல்லோரும் பாண்டாவுக்குப் போகவில்லை, பத்தாவியாவிலும் மற்றத் தீவுகளிலும் சிதறினார்கள். ஆனால் பாண்டாத் தோப்புகளில் உழைத்தவர்களில் சோழமண்டலக் கரையில் வாங்கப்பட்டவர்களும் இருந்தார்கள். துணி கொடுத்து வாங்கிய காய்க்கு, பிறகு ஆளையே கொடுத்தோம். பஞ்சத்தில் பிள்ளையை விற்ற தாய்க்குக் கப்பல் எங்கே போகுதுன்னு தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

மீதிக் கதை வேகமாக ஓடும். பாண்டாவின் ரன் தீவு மேல் இங்கிலாந்து வைத்திருந்த உரிமை 1667இல் பிரேடா உடன்படிக்கையில் டச்சுக்காரர்களிடம் போனது. பதிலுக்கு மன்ஹாட்டன் இங்கிலாந்திடமே தங்கியது. 1770 வாக்கில் பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் ஏற்பாட்டில் நாற்றுகள் ரகசியமாக மொரிஷியஸ் போய்ச் சேர்ந்தன.

இந்தக் கம்பெனிகளின் போட்டி தியாகதுருகத்தையும் விடவில்லை. நம்ம ஊர்க் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். 1760இல் லாலி, ஹைதர் அலியின் படையுதவிக்கு விலையாக இந்தக் கோட்டையைக் கொடுத்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது, சில வாரங்களில் தியாகதுருகமும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. வாசனைப் பொருளைத் தேடி வந்தவர்கள் கடைசியில் நாட்டையே பிடித்துக்கொண்ட கதையில், நம்ம பாறைக்கோட்டையும் ஒரு பத்தி.

1796இல் ஆங்கிலேயர் பாண்டாவைப் பிடித்ததும் நாற்றுகள் பினாங்குக்கும் வேறு இடங்களுக்கும் பரவின. குற்றாலத்தில் கம்பெனியின் வாசனைப் பயிர்த் தோட்டம் வந்தது. 1871இல் நீலகிரிச் சரிவின் பர்லியாறில் தோட்டம் எழுந்தது, அங்கே இன்றும் ஜாதிக்காய் காய்க்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகவும் வளர்க்கிறார்கள். ஒரு காலத்தில் தீவுக்கூட்டம் ஒன்றையே காலி செய்த காய், இன்றைக்கு நாட்டு மருந்துக்கடையில் சில்லறைக்குக் கிடைக்கிறது.

அடுத்த முறை பாட்டி உரைகல்லைக் கழுவி எடுத்து வைக்கும்போது பாருங்கள். கடுக்காய் ஒரு கோடு, ஜாதிக்காய் ஒரு கோடு. நடுவில் ஒரு கடல், பேர் தெரியாத ஆயிரம் பேர்.