வேட்டைக்காரர்கள் தொடங்கிய சங்கமும் எங்கள் மலைக் காடும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

இலங்கையில் காட்டு விலங்குகளைக் காப்பாற்ற முதலில் சங்கம் அமைத்தவர்கள் வேட்டைக்காரர்கள் என்று சொன்னால் எங்கள் மாணவர்கள் நம்புவதில்லை. ஆனால் வரலாறு அதுதான்.

இன்று வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என்று அழைக்கப்படும் அமைப்பு 1894 மே 23ஆம் திகதி தொடங்கப்பட்டது. அது அரசாங்கத் திணைக்களம் அல்ல, தொண்டு அமைப்பு. இந்த வகையில் உலகின் மிகப் பழைய சங்கங்களில் ஒன்று. அதை ஆரம்பித்தவர்கள் துப்பாக்கி தூக்கிப் பழகிய வெள்ளைக்காரத் துரைமார்.

அவர்களுக்கு ஏன் இந்தக் கவலை வந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கோப்பிக் காலத்தில் மலை மலையாகக் காடு அழிக்கப்பட்டது. எங்கள் டிக்கோயாப் பக்கம் 1860களிலும் 70களிலும் வெட்டித் திறக்கப்பட்டது. 1869இல் வந்த இலைநோய் கோப்பியை அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. காடு திரும்பி வரவில்லை.

விலங்குகளின் கதை இன்னும் மோசம். யானையைக் கொன்றால் அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம் அது. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என்று எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற ஒரே மனிதர் 1,400க்கு மேல் சுட்டார் என்பார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு காலம் யானைகள் திரிந்தன. இன்று ஒன்றுகூட இல்லை.

இப்படியே போனால் சுடுவதற்கு எதுவும் மிஞ்சாது என்ற பயத்தில்தான் சங்கம் பிறந்தது. முதலில் அவர்கள் காக்க நினைத்தது வேட்டை விலங்குகளை. அதனால் இறைச்சிக்கும் தோலுக்கும் கொம்புக்கும் வேட்டையாடிய கிராமத்தவன் குற்றவாளியானான். அனுமதிப்பத்திரத்தோடு சுட்ட துரை கனவான் ஆனார்.

இதைச் சொல்வது சங்கத்தைக் குறை கூற அல்ல. அது மாறியது என்பதே முக்கியம். 1936இல் 'லோரிஸ்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார்கள். 1937இல் தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்கள் ஆயின. 1949இல் வனஜீவராசிகளுக்கென்று தனித் திணைக்களம் உருவானது. இவற்றுக்குப் பின்னால் சங்கத்தின் நீண்ட உழைப்பு உண்டு. பெயரிலிருந்த வேட்டை போய், இயற்கை வந்து சேர்ந்தது.

ஆனால் இந்தக் கதையில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. அது லயம்.

துரை காட்டை வெட்டச் சொன்னார். வெட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த எங்கள் மாணவர்களின் முப்பாட்டன்மார். அட்டைக்கடியும் குளிரும் காய்ச்சலும் அவர்களுக்கு. பிறகு காட்டைக் காப்போம் என்று துரைமார் கூடிப் பேசியபோது அவர்களை யாரும் கூப்பிடவில்லை. 1948இல் அவர்களுடைய பிரஜாவுரிமையே பறிபோனது. நாட்டில் உரிமை இல்லாதவனிடம் நாட்டின் காட்டைக் காப்பாற்று என்று எந்த முகத்தோடு சொல்வது?

இது பழைய கதை அல்ல. 2020 மே 26ஆம் திகதி நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிக் கண்ணியில் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்தும் மூன்றாம் நாள் இறந்துவிட்டது. நாடே கவலைப்பட்டது. கண்ணி இருந்தது ஒரு மரக்கறித் தோட்டத்தில். இப்படிப்பட்ட கண்ணிகளைப் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்குத்தான் வைக்கிறார்கள். கம்பிக்குப் பன்றியும் சிறுத்தையும் ஒன்றுதான்.

இலங்கை முழுவதிலும் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்தைவிடக் குறைவு என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அவை பூங்காக்களுக்குள் மட்டும் வாழ்வதில்லை. டிக்கோயா டங்கெல்ட் தோட்டத்தில் இயங்கும் ஆய்வு நிலையத்தின் கமராக்களில், தேயிலைக்கு நடுவே மிஞ்சிய காட்டுத் துண்டுகளிலும் ஓடையோரங்களிலும் அவை நடமாடுவது பதிவாகியிருக்கிறது.

அதே மலையில்தான் எங்கள் பிள்ளைகளின் தாய்மார் கொழுந்து பறிக்கிறார்கள். துப்புரவு செய்யாமல் விட்ட மலையில் புதர் மண்டினால் புலி படுத்திருப்பது தெரியாது. காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சிறுத்தை நாட்டின் செல்வம் என்று மட்டும் சொன்னால் எடுபடாது. புதரை வெட்டு, லயத்துக்குப் பக்கத்தில் குப்பை சேரவிடாதே, தெருநாய்களைக் கட்டுப்படுத்து என்று தோட்ட நிர்வாகத்திடமும் சொல்ல வேண்டும். நாயைத் தேடித்தான் சிறுத்தை லயத்துக்கு வருகிறது.

சங்கத்தின் இன்றைய வேலைகளில் இந்தப் பக்கம் திரும்பும் அறிகுறிகள் தெரிகின்றன. அவர்கள் முயற்சியால் ஆகஸ்ட் 1 இலங்கைச் சிறுத்தை நாள் ஆனது. தனியார் நிலங்களிலும் தோட்டங்களிலும் உள்ள காட்டுத் துண்டுகளைக் காத்து இணைக்க 'பிளாண்ட்' என்ற அமைப்பை நடத்துகிறார்கள். ஆனவிலுந்தாவையில் கைவிடப்பட்ட இறால் பண்ணைகளில் கண்டல் காட்டை மீட்கும் வேலையும் நடக்கிறது. காலநிலை மாற்றத்துக்கு இதைவிட நல்ல மருந்து குறைவு.

எங்கள் மலைக் காடும் அப்படியே. காசல்ரீக்கு வரும் கெஹெல்கமு ஓயாவும் மவுஸ்ஸாகலைக்கு வரும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. கொழும்பு குடிக்கும் தண்ணீரின் தலை இங்கே இருக்கிறது. மேலே காடு போனால் மழைக்கு மண் சரியும், வெயிலுக்கு ஊற்று வற்றும். முதலில் பாதிக்கப்படுவது லயம்தான்.

காடு நம் கையில் உள்ள அமானிதம். அமானிதத்தை ஒருவனிடம் ஒப்படைக்க வேண்டுமென்றால் முதலில் அவனை மனிதனாக மதிக்க வேண்டும். 1894இல் அது நடக்கவில்லை. இப்போது நடக்கலாம். தமிழில் பேசுங்கள், பாடசாலைகளுக்கு வாருங்கள், தோட்டத் தலைவர்களைக் கூட்டத்துக்கு அழையுங்கள் என்று இந்தச் சங்கத்தையும் இப்படி வேலை செய்யும் எல்லோரையும் கேட்கிறோம்.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. கம்பிக் கண்ணி வைக்காதீர்கள், வைப்பவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடிக் கல்லெறியாமல், 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இந்த இலக்கத்தை லயத்துக்கு லயம் எழுதி ஒட்டினாலே நல்லது. பகிர்ந்து விடுங்கள்.