பாத்திரமேற்று ஆடும் வீடியோ விளையாட்டுகளிற் பெற்றோரும் பிள்ளைகளும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் இடத்தில் நின்று, அவர் பொருட்டுத் தீர்மானங்களை மேற்கொண்டு கதையை நகர்த்துவதே பாத்திரமேற்று ஆடும் வீடியோ விளையாட்டின் இயல்பாகும். வீரனின் வலுவைப் பெருக்குவதே நோக்காகக் கொண்ட இத்தகைய விளையாட்டிற் பிள்ளைக்கு என்ன இடமுண்டு? வாரிசு என்ற நிலையிலிருந்து தனியாள் என்ற நிலைக்குப் பிள்ளைப் பாத்திரம் வளர்ந்தமையை இதன் வரலாறு காட்டுகின்றது.

1990இல் சேகா நிறுவனம் வெளியிட்ட 'பான்டசி ஸ்டார் 3' மூன்று தலைமுறையினரின் கதையாகும். நாயகன் எவளை மணக்கின்றான் என்பதற்கேற்ப அடுத்த தலைமுறை நாயகன் வேறுபடுவான். இங்கு பிள்ளை போரைத் தொடரும் வாரிசு மட்டுமே. பிள்ளை வளர்ப்புக்கு இடமில்லை. அக்குறையை 1991இல் யப்பானிய கைனக்ஸ் நிறுவனத்தின் 'பிரின்சஸ் மேக்கர்' நிரப்பியது. பத்து வயதுச் சிறுமியைப் பதினெட்டு வயதுவரை வளர்ப்பதே இதன் பொருள். எனினும், கல்வியும் வேலையும் ஓய்வும் வகுத்தளிக்கும் தந்தையின் கையில் அவள் எண்களாற் கணிக்கப்படும் ஒரு படைப்பாகவே அமைந்தாள்.

1992இல் யூஜி ஹொரி வடிவமைத்து எனிக்ஸ் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட் 5' இவ்விடத்தில் விரிவாக நோக்கத்தக்கது. நாயகன் தந்தையின் பின்னே நடக்கும் சிறுவனாக அறிமுகமாகின்றான். மகன் பணயமாகப் பிடிபட்டமையால், ஆற்றல்மிக்க தந்தை கைதூக்காது அடிபட்டு மாள்கின்றார். பத்தாண்டு அடிமை வாழ்வின் பின் மீண்ட நாயகன் மணம் புரிந்து இரட்டைப் பிள்ளைகளுக்குத் தந்தையாகின்றான், பின்னர் கல்லாக்கப்படுகின்றான். அவன் கல்லாய் நிற்கையிலேயே பிள்ளைகள் வளர்கின்றனர். அவர்களே அவனைத் தேடி வந்து மீட்கின்றனர். தெய்வீக வாளை ஏந்தவல்ல வீரனைத் தேடியலைந்த அவனுக்கு, அவ்வீரன் தன் மகனே எனத் தெரியவருகின்றது. தாமே உலகை மீட்கும் வீரர் என எண்ணியிருந்த ஆடுபவரும் அவ்விடத்தை மகனுக்கு விட்டுக்கொடுக்க நேர்கின்றது.

மேற்குலகிற் சிக்கல் வேறுவிதமாக எழுந்தது. யாரையும் கொல்ல இடமளித்த 'ஃபோல்அவுட்' (1997) விளையாட்டின் ஐரோப்பியப் பதிப்புகளிற் சிறுவர் உருவங்கள் நீக்கப்பட்டன. 'ஸ்கைரிம்' (2011) சிறுவரைக் கொல்ல முடியாதவராக்கியது. 2012இல் வெளிவந்த அதன் இணைப்பு, இருவர்வரை சுவீகாரம் எடுக்கவும் வழிசெய்தது. ஆயினும் அப்பிள்ளைகள் வளர்வதேயில்லை. பாதுகாக்கப்பட்ட பிள்ளை வீட்டுப் பொருளாகச் சுருங்கிற்று எனலாம்.

போலந்தில் உருவான 'விட்சர் 3' (2015) இந்நிலையை மாற்றியது. கெரால்ட் தன் வளர்ப்பு மகள் சிரியைத் தனியே பேச்சுவார்த்தைக்கு அனுப்புகின்றானா, உடன் செல்கின்றானா. அவள் சினத்தைத் தணிக்கின்றானா, கொட்டித் தீர்க்க விடுகின்றானா என்பன போன்ற சிறு தெரிவுகளே, இறுதியில் அவள் உயிருடன் மீள்வதை நிர்ணயிக்கின்றன. இறுதிப் போராட்டத்தினுள் அவள் தனியாகவே நுழைகின்றாள். தந்தை வெளியே நிற்கின்றான். அளவுமீறிய காப்பு அவளது தன்னம்பிக்கையைக் குலைத்துவிடுகின்றது.

ஆடுபவருக்கு அதிகாரம் அளிப்பது விளையாட்டு. பிள்ளை வளர வளர அதிகாரத்தைத் துறக்க வேண்டுவது பெற்றோர்மை. இவ்விரண்டுக்குமிடையிலான முரணை மறைக்காது கதையின் உயிராக்கிய படைப்புகளிலேயே பிள்ளைப் பாத்திரம் மனித உருப் பெற்றுள்ளது.